கல்யாண ரோஜா பூங்கொத்தும் கோட்டுப் பூவும்: ஒன்றோடொன்று சேரத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மணமகள் கையில் பிடிக்கப்போகும் பூங்கொத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவார்கள். மாப்பிள்ளையின் கோட்டில் குத்தும் ஒற்றை ரோஜா நினைவுக்கு வருவதோ கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். ஆனால் இருவரும் சேர்ந்து நிற்கும் எந்தப் படத்தை எடுத்தாலும் கொத்தும் கோட்டுப் பூவும் ஒரு முழ இடைவெளிக்குள்தான் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை என்றால் முதலில் உறுத்துவது அதுதான்.

பல வருடமாகக் கல்யாணங்களுக்குப் பூ கட்டுகிறேன். முதலில் கோட்டுப் பூவைத் தேர்ந்தெடுங்கள், அதிலிருந்து மணமகளின் கொத்துக்குப் போங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். கொத்துக்கு எந்த ரோஜாவும் பொருந்திவிடும். கோட்டுக்குப் பொருந்தும் ரோஜாக்கள் குறைவு.

படி 1: கோட்டில் நிற்கக்கூடிய ரோஜாவைக் கண்டுபிடியுங்கள்

கோட்டுப் பூ தண்ணீரில்லாமல் ஆறேழு மணி நேரம் தாங்க வேண்டும். கட்டிப்பிடிப்பவர்களின் அழுத்தத்தையும் உடம்புச் சூட்டையும் தாங்க வேண்டும். தலை மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்குள் இருந்தால்தான் கோட்டின் காலர் மடிப்பில் அழகாக உட்காரும். அதைவிடப் பெரிதானால் பாரத்தில் முன்பக்கம் கவிழ்ந்து, பூ தரையைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

கடைகளில் கிடைக்கும் ரோஜாக்களை இதற்காக மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, ஒரு காம்புக்கு ஒரு பூ வரும் வழக்கமான ரோஜா. இதை ஹைப்ரிட் டீ என்பார்கள். 1867-இல் வந்த 'லா பிரான்ஸ்' என்ற ரகத்தைத்தான் இந்த வகையின் முன்னோடியாகச் சொல்வார்கள். கூரான மொட்டு, சுருண்டு விரியும் இதழ், உறுதியான காம்பு இதன் அடையாளம். பாதி விரிந்த நிலையில் கோட்டுக்கு மிகவும் பொருத்தம். இரண்டாவது ஸ்ப்ரே ரோஜா. ஒரே காம்பில் நான்கைந்து சின்னப் பூக்கள் கிளைத்து வரும். கோட்டுப் பூவுக்கென்றே படைத்தது போன்ற அளவு. மூன்றாவது, அடுக்கடுக்காக நிறைய இதழ்களோடு கிண்ணம் போல விரியும் தோட்ட ரோஜா. இங்கிலாந்தின் ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டின் உருவாக்கி 2006-இல் வெளிவந்த 'ஜூலியட்' என்ற பீச் நிற ரோஜா இந்த வகைக்குப் பேர்போனது. பூங்கொத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் கோட்டுக்கு வேண்டவே வேண்டாம். பூ கனம், இதழ் மென்மை, அளவும் பெரிது.

ஒருமுறை மணமகள் ஆசைப்பட்டாள் என்று அப்படி ஒரு பெரிய தோட்ட ரோஜாவையே மாப்பிள்ளைக்கும் கட்டினேன். சடங்கு முடிவதற்குள் பூ கழுத்து மடங்கித் தொங்கியது. ஓரத்து இதழ்களெல்லாம் பழுப்பாகிவிட்டன. அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் அந்தத் தொங்கிய பூ இருக்கிறது. இப்போது பெரிய ரோஜா கேட்பவர்களுக்கு அதைக் கொத்தில் வைத்து, அதே நிறத்தில் ஸ்ப்ரே ரோஜா ஒன்றைக் கொத்துக்குள்ளும் கோட்டிலும் சேர்த்துவிடுகிறேன். இரண்டையும் இணைப்பது அந்தச் சின்ன ரோஜாதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில ரகங்கள் மொட்டில் ஒரு நிறமாகவும் விரிந்தபின் இன்னொரு நிறமாகவும் இருக்கும். பீச், ஆப்ரிகாட், பழைய ரோஜா நிறம் போன்றவற்றில் இந்த மாற்றம் அதிகம். கொத்தில் இருப்பது நன்றாக விரிந்த பூ, கோட்டில் இருப்பது பாதி மொட்டு. ஒரே கட்டிலிருந்து எடுத்திருந்தாலும் இரண்டும் வேறு வேறு பூ மாதிரி தெரியும். அதனால் முடிவு செய்வதற்கு முன் இரண்டு காம்பு வாங்கி, மூன்று நாள் ஜாடியில் வைத்து விரியும் வரை பாருங்கள். ஒன்று முந்திக்கொண்டு விரியும்போது இன்னொன்றின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

படி 2: துணியைப் பக்கத்தில் வைத்து நிறத்தை முடிவு செய்யுங்கள்

போன் திரையில் நிறம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மணமகளின் உடையிலிருந்து ஒரு துண்டுத் துணி, கோட்டுத் துணியில் ஒரு துண்டு, தோழிகளின் உடையில் ஒரு துண்டு, மூன்றையும் எடுத்துக்கொண்டு பூவிடம் போங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, மண்டபத்தில் எரியும் விளக்கு மாதிரியான மஞ்சள் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

வெள்ளைதான் சுலபம் என்று நினைப்பார்கள். எனக்கு அதிக நேரம் எடுப்பது வெள்ளைதான். பால் வெள்ளை உடையின் முன் கிரீம் ரோஜாவைப் பிடித்தால், பூ அழுக்காகிவிட்டதோ என்று தோன்றும். தந்த நிற உடையின் முன் தூய வெள்ளை ரோஜாவைப் பிடித்தால் உடை பழசாகத் தெரியும். வெள்ளை ரோஜாக்களிலும் சிலவற்றின் வெளி இதழில் லேசாகப் பச்சை ஓடும், சிலவற்றின் நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும். துணியைப் பூவுக்கு அடியில் விரித்து, இரண்டடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டில் ஒன்று மங்கித் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

உடையும் பூவும் அச்சு அசலாக ஒரே நிறமாக இருப்பதும் நல்லதில்லை. ரோஜா நிற உடைக்கு முன் அதே ரோஜா நிறக் கொத்தைப் பிடித்தால் கொத்து இருக்கும் இடமே தெரியாது. ஒரு படி இருண்டதோ ஒரு படி வெளுத்ததோ எடுங்கள்.

ஆழ்ந்த சிவப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்புதான். அந்தி நேரத்தில் தோட்டத்துச் சிவப்பு ரோஜா கறுப்பாகவும் அதன் இலை பளிச்சென்றும் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு கோட்டில், மங்கிய விளக்கில், கருஞ்சிவப்பு ரோஜா வைத்தால் அங்கே ஏதோ ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். கருநீலக் கோட்டில் ஒயின் நிறப் பூவும் அப்படித்தான். சிவப்பு ஆசை இருந்தால் ஒரு படி பளிச்சென்ற சிவப்பை எடுங்கள். பின்னால் ஒரு வெளிர்பச்சை இலை வைத்தால் பூவின் உருவம் துலக்கமாகத் தெரியும்.

நீல ரோஜா கேட்பவர்களுக்கு: ரோஜாவில் நீலத்துக்கு வேண்டிய டெல்ஃபினிடின் என்ற நிறமி இயற்கையாக உண்டாவதில்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'அப்லாஸ்' ரோஜாகூட ஊதா சாயல்தான். கடையில் அடர்நீலமாகத் தெரிவது சாயம் ஏற்றிய வெள்ளை ரோஜா. ஈரம் பட்டால் சாயம் கையிலும் துணியிலும் ஒட்டக்கூடும். வெள்ளை உடைக்குப் பக்கத்தில் அதை நான் வைக்க மாட்டேன். நீலத்தை ரிப்பனில் கொண்டுவாருங்கள்.

படி 3: எல்லோருக்கும் பொதுவாக ஒரு ரோஜா, மற்றது ஆளுக்கு ஏற்ப

எல்லோரிடமும் ஒரே ரோஜா, ஒரே இலை, ஒரே ரிப்பன் என்றால் சீருடை போல ஆகிவிடும். ஒரு ரோஜா மட்டும் எல்லோரிடமும் இருக்கட்டும். அந்த ஒன்று இருந்தால் மற்றதில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம்.

உதாரணமாக, கிரீம் நிற ஸ்ப்ரே ரோஜாதான் பொதுப் பூ என்று வைத்துக்கொள்வோம். மணமகளின் கொத்தில் பெரிய கிரீம் ரோஜாக்களும் பீச் தோட்ட ரோஜாக்களும், இடையிடையே இந்த ஸ்ப்ரே ரோஜாவும். தோழிகளின் கொத்தில் பீச் நிறம் தூக்கலாக, கூடவே இதே ஸ்ப்ரே ரோஜா. மாப்பிள்ளை கோட்டில் இரண்டு கிரீம் பூ, ஒரு யூகலிப்டஸ் இலை. மாப்பிள்ளைத் தோழர்களுக்கு ஒரே பூ. அப்பாக்களுக்கும் ஒரே பூதான், ரிப்பன் நிறம் மட்டும் வேறு. அம்மாக்களுக்கு மணிக்கட்டில் கட்டும் சின்னக் கொத்தில் மூன்று பூ. மாப்பிள்ளை யார் என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், அதற்குத்தான் அவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூ.

நிறங்கள் மூன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலையும் ஒரு நிறம்தான், அதையும் கணக்கில் சேருங்கள். சாம்பல் பூத்த யூகலிப்டஸ் எல்லாவற்றையும் குளிர்ச்சியாகக் காட்டும். ரஸ்கஸ் இலையின் ஆழ்ந்த பச்சை வெள்ளையை இன்னும் வெள்ளையாக்கும். ஜிப்சோபிலா என்ற குட்டி வெள்ளைப் பூக்கொத்து இடத்தை நிரப்பும், ஆனால் கோட்டில் வைத்தால் அதன் குட்டிப் பூக்கள் உதிர்ந்து கறுப்புத் துணியில் பொடி பொடியாக ஒட்டும்.

அளவு: மணமகளின் கொத்து 25 முதல் 30 சென்டிமீட்டர் அகலம், தோழிகளுடையது 18 முதல் 20, பூ ஏந்தி வரும் சிறுமிக்கு 12 சென்டிமீட்டருக்குள். ஒல்லியான, குள்ளமான மணமகளுக்கு 30-உம் பெரிதுதான். எவ்வளவு கனம் தாங்கும் என்று தெரியவில்லையா? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொப்புள் உயரத்தில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்று பாருங்கள். கை வலித்தால் கொத்தைச் சின்னதாக்குங்கள்.

படி 4: காம்புக் கணக்கு

மணமகளின் கொத்துக்கு 25 காம்பு. நான்கு தோழிகளுக்குத் தலா 12 என்றால் 48. ஆக 73. கோட்டுப் பூ எட்டு, உபரியாக இரண்டு, அது 10. இரண்டு அம்மாக்களின் மணிக்கட்டுக்கு 6. மொத்தம் 89. உடைந்தது, விரியாதது, கழுத்து மடங்கியது என்று பத்தில் ஒன்று போகும் என்று வைத்துக்கொண்டால் 99. ரோஜா பெரும்பாலும் 20 அல்லது 25 காம்புக் கட்டாகத்தான் வரும். எனவே 100 காம்பு வாங்கினால் சரி. ஸ்ப்ரே ரோஜாவில் ஒரு காம்பில் நான்கு பூவாவது தேறும் என்பதால் கோட்டுப் பூவுக்கும் மணிக்கட்டுக்கும் ஐந்தாறு காம்பே போதும். உபரி இரண்டைத் தவிர்க்காதீர்கள். கடைசி நிமிடத்தில் ஒரு பூவாவது யாராவது நசுக்கிவிடுவார்கள்.

படி 5: வாங்கும்போது

பூவின் அடிப்பகுதியை, காம்போடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு விரலால் மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு. பஞ்சு போல அமுங்கினால் பழசு, எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் வாங்காதீர்கள். இதழில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது சாம்பல் பூஞ்சை. ஈரத்தில் ஒரே இரவில் பரவும்.

வெளி இதழ் ஒன்றிரண்டு சுருங்கிப் பச்சையோடியிருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் இதழ்களைப் பயணத்தில் காப்பாற்றுவதற்காக அவற்றை விட்டுவைத்திருப்பார்கள். ஒரு கையால் பூவின் அடியைப் பிடித்துக்கொண்டு, அந்த இதழை அதன் அடியில் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் சுத்தமாகக் கழன்று வரும். கீழ்நோக்கி இழுத்தால் பூவே குலைந்துவிடும்.

எப்போது வாங்குவது? கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். ஈக்வடார், கென்யா போன்ற இடங்களின் உயர்ந்த மலைப்பகுதிகளிலிருந்து வரும் பெரிய தலை ரோஜாக்கள் இறுகிய மொட்டாகவே வரும், முழுதாக விரிய மூன்று நாள்கூட ஆகும். கொத்துக்கு உள்ளதைச் சாதாரண அறையில் வைத்து விரிய விடுங்கள். கோட்டுக்கு உள்ளதைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்துத் தாமதப்படுத்துங்கள்.

படி 6: தண்ணீர் குடிக்க வையுங்கள்

இந்த வேலையில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். முள்ளை எடுக்கும்போது பச்சைத் தோலைச் சுரண்டாதீர்கள். தோல் உரிந்த இடத்தில் பாக்டீரியா புகும். காம்பின் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டரைக் கூரான கத்தியால் சாய்வாக வெட்டி, உடனே சுத்தமான வாளியில் ஆழமான தண்ணீரில் வையுங்கள். பூவுக்கென்று விற்கும் உணவுப் பொடியைச் சேருங்கள். நான்கு மணி நேரமாவது அப்படியே விடுங்கள். ஓர் இரவு முழுக்க என்றால் இன்னும் நல்லது.

சில பூக்கள் கழுத்தைத் தொங்கப்போடும். காம்புக்குள் காற்று புகுந்து தண்ணீர் ஏறாததுதான் காரணம். தூக்கி எறியாதீர்கள். தலையும் காம்பும் நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளில் இறுக்கமாகச் சுற்றி, அடியை மறுபடியும் வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்தளவு நிறுத்துங்கள். இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலானவை நிமிர்ந்துவிடும்.

வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பார்கள். உள்ளே பழம் எதுவும் இருக்கக் கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதிரவைக்கும்.

படி 7: கொத்தைக் கட்டுவது

நடுவில் வைக்கும் ரோஜாவை இடது கையில் பிடியுங்கள். அடுத்த காம்பை அதன்மேல் சாய்வாக வையுங்கள். அதற்கடுத்ததையும் அதே திசையில் அதே சாய்வில். ஐந்தாறு காம்புக்கு ஒருமுறை கொத்தைக் கையில் கொஞ்சம் திருப்புங்கள். காம்புகள் கீழே சுழல் படி போல விரிந்தால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள். ஒரே ஒரு காம்பு எதிர்த்திசையில் போனாலும் கட்டும்போது அது நசுங்கும். பூக்களுக்கு இடையில் ஒரு விரல் நுழையும் இடம் விட்டால் ஒவ்வொரு ரோஜாவின் உருவமும் தெரியும். கண்ணாடி முன் நின்று தூக்கிப்பிடித்து, பக்கவாட்டிலும் பார்த்துக்கொண்டே கட்டுங்கள்.

காம்புகள் சேரும் இடத்தில் டேப்பால் இறுக்கிக் கட்டி, அதற்குக் கீழே 12 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அதற்குக் குறைந்தால் இரண்டு கையாலும் பிடிக்க வராது. ரிப்பன் நடுவில் மட்டும் இருக்கட்டும். அடி திறந்திருந்தால் கடைசி நேரம் வரை தண்ணீரில் நிறுத்தி வைக்கலாம். மணமகள் கையில் கொடுக்க அரை மணி நேரம் முன்னால் எடுத்து, துணியால் ஒற்றி ஒற்றிக் காய வையுங்கள். சாட்டின் உடையில் காம்புத் தண்ணீர் பட்டால் கறை தெரியும்.

படி 8: கோட்டுப் பூ செய்வது

ஸ்ப்ரே ரோஜா என்றால் வேலை எளிது. ஐந்தாறு சென்டிமீட்டர் காம்போடு ஒரு பூ, பின்னால் முதுகு காட்டி ஒரு இலை, பூவைவிட ஒரு விரல் உயரமாக. சேர்த்துப் பிடித்து, பூ கட்டுவதற்கென்றே விற்கும் பச்சை டேப்பைச் சுற்றுங்கள். இந்த டேப் இழுத்தால்தான் ஒட்டும். இழுக்காமல் சுற்றிவிட்டு டேப் கெட்டுப்போய்விட்டது என்பவர்கள் நிறைய. மேல்நுனியிலிருந்து கீழ்நோக்கி, இழுத்தபடியே காம்பைத் திருப்பிக்கொண்டு போனால் வழவழவென்று உட்காரும்.

தலை பெரிய ரோஜா என்றால் கம்பி வேண்டும். பூவுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் காம்பு விட்டு வெட்டி, இதழுக்கு அடியிலுள்ள பச்சைக் குமிழின் குறுக்கே மெல்லிய கம்பியைச் செலுத்தி, இரு முனையையும் காம்போடு சேர மடக்கி, டேப்பைச் சுற்றுங்கள். கனம் குறையும், தலை எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். இதற்குத் தண்ணீர் கிடையாது என்பதால் கல்யாணத்தன்று காலையில் செய்வதே நல்லது. முந்தின நாள் இரவு செய்தால், ஈரத் துணி விரித்த மூடிபோட்ட டப்பாவில் குளிர்ச்சியாக வையுங்கள். இதழ் மேல் ஈரம் படக் கூடாது.

துணிப் பூ, ஃபோம் பூ வைக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் எல்லோருடைய கோட்டிலும் ஒரே வகையாக இருக்கட்டும். நிஜப் பூவும் செயற்கைப் பூவும் அடுத்தடுத்த கோட்டில் இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

படி 9: குத்துவது

இடது பக்கக் காலர் மடிப்பு. ஆண்களின் கோட்டில் பூவுக்கான துளை அங்கேதான் இருக்கும். பூ மேலே, காம்பு கீழே. ஊசியை மடிப்பின் பின்பக்கத்திலிருந்து உள்ளே செலுத்துங்கள். முன்னால் வந்த முனையைக் காம்பின் தடித்த பகுதிக்குள் சாய்வாக ஓட்டி, மறுபடியும் துணிக்குள் இறக்குங்கள். முனை மடிப்பின் பின்னாலேயே முடிய வேண்டும். சட்டையையும் சேர்த்துக் குத்திவிடாதீர்கள். பூ ஆடினால் இரண்டாவது ஊசியைக் குறுக்காகப் போடுங்கள். காந்தம் வைத்த பிடிப்பான் துணியில் துளை போடாது, ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அது கூடாது. தாத்தாக்களுக்குக் குத்தும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

யார் யாருக்கு எது என்று டப்பாவின் மேலேயே சீட்டு ஒட்டிவிடுங்கள், பூ குத்தத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். அப்புறம் அந்த உபரி இரண்டு பூவையும் நான்கு ஊசியையும் தனி டப்பாவில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள். வாழ்த்த வருபவர்கள் கட்டிப்பிடித்து முடித்த பிறகு, குடும்பப் படம் எடுக்கும் முன், மாப்பிள்ளையின் பூவை ஒருமுறை பார்த்து, நசுங்கியிருந்தால் அவர் மாற்றிவிடட்டும்.